ஐரோப்பிய உள்நாட்டு நீர்வழிகள்: மின்னணு வரைபடம் போதுமா, அச்சு வழிகாட்டியும் வேண்டுமா?

மாஸ்கரை

அனைவருக்கும் வணக்கம். வரும் வசந்தத்தில் ஃப்ரீஸ்லாந்திலிருந்து புறப்பட்டு ஐசல்மேர் ஏரி, ஆம்ஸ்டர்டாம், மாஸ் ஆறு, நமூர், சாம்ப்ர் ஆறு, சாம்ப்ர்–வாஸ் கால்வாய், பாரிஸ், யோன் ஆறு வழியாக மிஜென் நகரை அடைந்து, அங்கிருந்து பூர்கோன் கால்வாயில் ஏறி சோன் ஆற்றில் இறங்குவதாக நானும் என் மனைவியும் திட்டமிட்டிருக்கிறோம். எங்கள் படகு 11 மீட்டர் நீளம் உடையது, நீருக்குள் 1.10 மீட்டர் இறங்கும். முன்கண்ணாடியையும் மேற்கூரைத் துணியையும் மடக்காவிட்டால் நீர்மட்டத்துக்கு மேல் 3.30 மீட்டர், மடக்கினால் 2.70 மீட்டர் உயரம்.

டேப்லெட்டில் நீர்வழி வரைபடக் கட்டணச் செயலி ஒன்று ஏற்கெனவே உள்ளது. மூன்று நாடுகளுக்கும் அச்சு வழிகாட்டிகளையும் தனித்தாள் வரைபடங்களையும் வாங்கினால் கணிசமான செலவாகிறது. அவற்றை வைக்கச் சிறிய படகில் இடமும் குறைவு. செயலியை மட்டும் நம்பிப் புறப்படலாமா? இந்த வழியில் சென்றவர்கள் காரணங்களோடு சொன்னால் உதவியாக இருக்கும்.

ரைன்மாலுமி

வணக்கம் நண்பரே. சரக்குக் கப்பலில் வேலை பார்த்தவன் என்ற முறையில் என் கருத்தைச் சொல்கிறேன். ரைன் ஆற்றுக்கான மின்னணு வரைபடத் தரத்தை, அந்த ஆற்றின் கப்பல் போக்குவரத்தை நெறிப்படுத்தும் ரைன் மைய ஆணையம் 2001இல் ஏற்றது. 2014 டிசம்பர் 1 முதல் அந்த ஆற்றில் செல்லும் வணிகக் கப்பல்கள், கப்பலின் இருப்பிடத்தையும் அடையாளத்தையும் தானாக ஒலிபரப்பும் ஏ.ஐ.எஸ். கருவியையும், அதனுடன் இணைந்த மின்னணு வரைபடத் திரையையும் வைத்திருக்க வேண்டும் என்பது கட்டாயம். 20 மீட்டருக்குக் குறைந்த உல்லாசப் படகுகளுக்கு அந்தக் கடமை இல்லை என்றாலும், 110 மீட்டர் கப்பல்கள் எதை நம்பி வளைவுகளில் திரும்புகின்றன என்பதை நாம் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும்.

பனிமூட்டத்திலோ மழையிலோ நாம் எந்தக் கிலோமீட்டரில் இருக்கிறோம் என்பதைத் திரை உடனே சொல்லிவிடும். வானொலியில் எதிர்க்கப்பலிடம் நம் இருப்பிடத்தைத் தெரிவிக்க அந்த எண்தான் தேவை. அச்சு நூலில் அந்த எண் இருக்கும், ஆனால் நாம் அதில் எங்கே இருக்கிறோம் என்பது இருக்காது. கரையில் நிற்கும் கிலோமீட்டர் பலகையைப் பார்த்துப் பார்த்துப் பக்கம் புரட்ட வேண்டும். மேல்நோக்கிச் செல்லும்போது கீழ்நோக்கி வரையப்பட்ட நூலைக் கடைசிப் பக்கத்திலிருந்து, தலைகீழாக, இடமும் வலமும் மாற்றிப் படிக்க வேண்டியிருக்கிறது. நீரோட்டம் விரைவாக உள்ள இடத்தில் அந்தக் குழப்பத்துக்கு நேரம் கிடைக்காது.

ஜெர்மனியின் அதிகாரபூர்வ உள்நாட்டு வரைபடங்களை அந்நாட்டு நீர்வழித் துறையின் எல்விஸ் தளத்திலிருந்து கட்டணமின்றி இறக்கலாம். நெதர்லாந்து அரசும் தன் வரைபடங்களை இலவசமாகவே தருகிறது. ஓப்பன் சி.பி.என். என்ற திறந்தமூல மென்பொருளில் அவற்றைத் திறக்கலாம். செலவைக் காரணம் காட்டி அச்சையும் திரையையும் ஒப்பிடுபவர்கள் முதலில் இதைச் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

பூர்கோன்வாசி

ரைன்மாலுமி ஐயா சொன்னதை ரைனுக்கு முழுமையாக ஒப்புக்கொள்கிறேன். ஆனால் கேள்வி கேட்டவர் ரைனில் செல்லவில்லை. அவர் பயணத்தின் பெரும்பகுதி, அந்த அதிகாரபூர்வ வரைபடங்கள் மெலிந்துபோகும் இடத்தில்தான் நடக்கப்போகிறது.

காரணம் சட்டத்திலேயே இருக்கிறது. 2005ஆம் ஆண்டின் ஐரோப்பிய ஆற்றுத் தகவல் நெறிமுறை, ஐந்து-அ வகுப்பும் அதற்கு மேலும் உள்ள பெரிய நீர்வழிகளுக்கே மின்னணு வரைபடம் கிடைக்கச் செய்ய வேண்டும் என்று நாடுகளைக் கட்டாயப்படுத்துகிறது. அவை ஏறத்தாழ 95 முதல் 110 மீட்டர் நீளமும் 11.40 மீட்டர் அகலமும் கொண்ட கப்பல்களுக்கான வழிகள். பூர்கோன் கால்வாயோ 1879இல் அமைச்சர் ஃப்ரெசினே வகுத்த அளவைச் சேர்ந்தது: லாக் (படகை ஒரு நீர்மட்டத்திலிருந்து மற்றொன்றுக்கு ஏற்றி இறக்கும் கதவுள்ள தொட்டி) 39 மீட்டர் நீளம், 5.20 மீட்டர் அகலம். அதில் செல்லக்கூடிய கலம் 38.50 மீட்டர் நீளமும் 5.05 மீட்டர் அகலமும்தான். அதாவது, உல்லாசப் படகுகள் மிகுதியாகச் செல்லும் சிறு கால்வாய்களே அந்தக் கட்டாயத்துக்கு வெளியே நிற்கின்றன.

அப்படியானால் உங்கள் கட்டணச் செயலியில் பூர்கோன் கால்வாய் எங்கிருந்து வந்தது? தனியார் பதிப்பகத்தாரிடமிருந்தோ, பொதுமக்கள் சேர்த்த திறந்த வரைபடங்களிலிருந்தோ வந்திருக்கும். அதில் தவறில்லை, ஆனால் திரையில் வந்துவிட்டது என்பதாலேயே அதற்கு அரசு அளவீட்டின் மதிப்பைக் கொடுத்துவிடக் கூடாது. இந்தக் கால்வாய்களை ஒவ்வொரு லாக்காக நடந்து பார்த்து, குடிநீர்க் குழாய் எங்கே, எந்தக் கரையில் படகைக் கட்டலாம், எந்த ஊரில் திங்கட்கிழமை ரொட்டிக்கடை மூடியிருக்கும் என்பது வரை எழுதி வைத்த மரபு அச்சு வழிகாட்டிகளுடையது. 242 கிலோமீட்டரில் 189 லாக்குகள் உள்ள ஒரு கால்வாயில், இரவு தங்கும் இடத்தை முன்கூட்டியே தேர்ந்துகொள்வது சொகுசு அன்று, அன்றைய உழைப்பை அளந்துகொள்வதற்கான வழி.

மாஸ்கரை

இருவருக்கும் நன்றி. வகுப்பு வேறுபாடு எனக்குத் தெரியாத செய்தி. அப்படியானால் அச்சு நூல் பழையதாகிவிடுவதைப் பற்றி என்ன சொல்கிறீர்கள்? என் நண்பர் ஒருவர் கொடுத்த நூலில் சாம்ப்ர்–வாஸ் கால்வாய் மூடப்பட்டிருப்பதாக உள்ளது. செயலியோ அந்த வழியாகவே பாதை போடுகிறது.

ரைன்மாலுமி

இதைத்தான் நான் எதிர்பார்த்தேன். அந்தக் கால்வாய் வாதங்குர் அருகே உள்ள நீர்ப்பாலம் பழுதுபட்டதால் 2006இல் மூடப்பட்டு, 2021இல் மீண்டும் திறக்கப்பட்டது. 2006க்கு முன் அச்சான நூல் திறந்திருக்கிறது என்று சொன்னது, இடையில் அச்சானது மூடியிருக்கிறது என்றது. மூடியிருந்த ஆண்டுகளில் முதல் நூலை நம்பிச் சென்றவருக்கும், இப்போது இரண்டாவதை நம்பிச் சுற்றுவழியில் செல்பவருக்கும் ஒரே பாடம்தான்.

பூர்கோன்வாசி

அந்த எடுத்துக்காட்டு இரு பக்கமும் வெட்டும், ஐயா. ஆண்டுக்கணக்கில் புதுப்பிக்கப்படாத செயலிகளும் இருக்கின்றன; அவற்றில் பதிப்பாண்டு எங்கே இருக்கிறது என்று தேடிக் கண்டுபிடிப்பதே கடினம். அச்சு நூலின் இரண்டாம் பக்கத்தில் ஆண்டு தெளிவாக இருக்கும். பழையது என்று தெரிந்த நூலை எச்சரிக்கையோடு படிக்கிறோம். எவ்வளவு பழையது என்று தெரியாத திரையை அப்படிப் படிப்பதில்லை.

உண்மையில் இன்று ஒரு கால்வாய் திறந்திருக்கிறதா என்பதை இரண்டும் சொல்லாது. அதைச் சொல்வது பிரான்சின் நீர்வழி நிறுவனமான வி.என்.எஃப். வெளியிடும் படகோட்டிகளுக்கான அறிவிப்பு. பராமரிப்புக்காக லாக்குகளை மூடும் அட்டவணையை அவர்கள் ஆண்டுதோறும் முன்கூட்டியே வெளியிடுகிறார்கள். சிறு கால்வாய்களில் இந்த மூடல் பெரும்பாலும் குளிர்காலத்தை ஒட்டி அமையும். ஆனால் மழை குறைந்த கோடையில் கால்வாயின் மிக உயர்ந்த இடமான உச்சிப்பகுதிக்கு நீர் தரும் நீர்த்தேக்கங்கள் வற்றும்போது, அனுமதிக்கும் ஆழத்தைக் குறைப்பதும், லாக் நேரங்களைச் சுருக்குவதும், சில கால்வாய்களை மூடிவிடுவதும் அட்டவணைக்கு வெளியே நடக்கும். பூர்கோன் கால்வாய் அப்படிப்பட்ட நீர்த்தேக்கங்களை நம்பி வாழும் கால்வாய். நீங்கள் 1.10 மீட்டர் இறங்கும் படகில் வருவதால் மற்றவர்களைவிட நல்ல நிலையில் இருக்கிறீர்கள்.

நீர்மட்டம்

இந்த விவாதத்தில் ஒரு முக்கியமான பகுதி தொடப்படாமல் போகிறது என்று நினைப்பதால் சற்று விரிவாகவே எழுதுகிறேன். நான் நீரியல் அளவைத் துறையில் இருப்பவன். பாலத்தின் அடியில் எவ்வளவு இடைவெளி, ஆற்றில் எவ்வளவு ஆழம் என்று தாளில் இருந்தாலும் திரையில் இருந்தாலும் அந்த எண் தனியே நின்றால் பொருளற்றது. எந்த நீர்மட்டத்திலிருந்து அளந்தார்கள் என்பதோடு சேர்ந்தால்தான் அது தகவல் ஆகிறது.

கேட்டவரின் வழியையே எடுத்துக்கொள்வோம். புறப்படும் ஃப்ரீஸ்லாந்தில் பால உயரங்கள் அந்த மாகாணத்தின் ஏரி–கால்வாய் நீர்மட்டத்தை ஒட்டிச் சொல்லப்படுகின்றன. அது நெதர்லாந்தின் பொது அடிமட்டமான என்.ஏ.பி.க்கு 0.52 மீட்டர் கீழே. நெதர்லாந்தின் வேறு பல கால்வாய்களில் அந்தந்தக் கால்வாயின் நிர்ணயித்த மட்டமே அடிப்படை. ஐசல்மேரில் பலத்த காற்று நீரை ஒரு கரைக்குத் தள்ளும்போது எந்த மட்டமும் சில மணிநேரங்களுக்கு நிற்பதில்லை. பிரான்சின் ஆறுகளில் படகு செல்ல அனுமதிக்கப்படும் மிக உயர்ந்த நீர்மட்டத்தை வைத்துப் பால உயரத்தைச் சொல்வதும், இயல்பு மட்டத்தை வைத்துச் சொல்வதும் உண்டு. ஜெர்மானிய ஆறுகளில் பால உயரத்துக்குக் கப்பல் செல்ல அனுமதிக்கப்படும் மிக உயர்ந்த நீர்மட்டமே அடிப்படை. ஆகவே, மூன்று பாலங்களுக்கு 3.50 என்று ஒரே எண் எழுதியிருந்தாலும், சாதாரண நாளில் ஒன்றில் தாராளமாகவும் மற்றொன்றில் உரசும் அளவிலும் கடக்க நேரலாம்.

ஆழத்துக்கும் இதே நிலைதான். ரைனில் காவ்ப் என்ற ஊரில் உள்ள நீர்மட்ட அளவுகோல் 2018 அக்டோபரில் 25 செ.மீ. காட்டியது. ஆற்றில் 25 செ.மீ. தண்ணீர்தான் இருந்தது என்று அதற்குப் பொருள் அன்று. அங்கே குறைநீர்க் காலத்துக்கான ஒப்பீட்டு மட்டம் அப்போது 78 செ.மீ.; அந்த மட்டத்தில் நீர்த்தடத்தின் ஆழம் 1.90 மீட்டர் இருக்குமாறு பராமரிக்கிறார்கள். 25க்கு இறங்கியபோது ஆழம் சுமார் 1.37 மீட்டர். வரைபடத்தில் அச்சிட்ட 1.90ஐ மட்டும் பார்த்தவர் அரை மீட்டருக்கு மேல் ஏமாந்திருப்பார். அன்றைய அளவைச் சேர்த்துக் கணக்கிட்டவர் ஏமாந்திருக்க மாட்டார்.

இதில் அதிகாரபூர்வ மின்னணு வரைபடத்துக்கு ஒரு பெருமை உண்டு. அந்தத் தரவுக் கோப்பில் பாலத்தைக் குறிக்கும் பொருளோடு, அதன் உயரமும், உயரம் எந்த மட்டத்திலிருந்து என்பதும் தனித்தனிப் பண்புகளாகப் பதிவாகும். ஓப்பன் சி.பி.என். போன்ற மென்பொருளில் பாலத்தைத் தொட்டுக் கேட்டால் இரண்டையும் காட்டும். பல கட்டணச் செயலிகள் அழகுக்காகவோ எளிமைக்காகவோ எண்ணை மட்டும் வைத்து மட்டத்தை மறைத்துவிடுகின்றன. நல்ல அச்சு நூல் முன்னுரையில் ஒருமுறை சொல்லிவிடும். ஆனால் முன்னுரையை யார் படிக்கிறார்கள்? வாங்குமுன் நீங்கள் கேட்க வேண்டிய கேள்வி இதுதான் என்பது என் உறுதியான கருத்து: இது எந்த மட்டத்திலிருந்து அளந்தது என்று எனக்குக் காட்டுமா?

ரைன்மாலுமி

நீர்மட்டம் அவர்கள் சொன்னதற்கு மேல் சேர்க்க ஒன்று மட்டும். செயலியில் படகின் உயரத்தைப் பதிந்தால் அது தாழ்ந்த பாலங்களைத் தவிர்த்து வழி போடும் என்பது உண்மை. ஆனால் அது அச்சிட்ட உயரத்தோடு ஒப்பிடுகிறதே தவிர இன்றைய மட்டத்தோடு ஒப்பிடுவதில்லை. ஆகவே உண்மையான உயரத்தைவிடக் கொஞ்சம் கூட்டியே பதியுங்கள். எங்கள் கப்பலில் சுமை இறக்கியதும் உயரத்தை மறுபடி அளப்பது வழக்கம். எரிபொருள் தொட்டியும் நீர்த்தொட்டியும் காலியான படகும் சில சென்டிமீட்டர் உயரும்.

தாழ்பாலம்

நான் நெதர்லாந்தில் பாய்மரப் படகு வைத்திருக்கிறேன். பாய்மரத்தை இறக்காமல் தெற்கிலிருந்து வடக்குக்குச் செல்லும் வழியில் அடிக்கடி போகிறவன். நிலையான பாலத்தின் உயரம் பற்றிப் பேசினீர்கள், திறக்கும் பாலங்களைப் பற்றி யாரும் பேசவில்லை. அங்கே எனக்குத் திரைதான் முதன்மை. தொடர்வண்டிப் பாலங்கள் நாளில் குறிப்பிட்ட சில நேரங்களிலேயே திறக்கும். ஒன்றைத் தவறவிட்டால் பல மணிநேரம் காத்திருக்க வேண்டும். நெதர்லாந்தில் படகோட்டிகளுக்கான கையேடான வாட்டர்அல்மனாக்கின் இரண்டாம் பகுதி இந்த நேரங்களை நெடுங்காலமாகத் தந்து வந்தது. படகுக்காரர்கள் அதைச் சமையல் அலமாரிக்குப் பக்கத்திலேயே வைத்திருப்பார்கள். ஆனால் பழுது, வெப்ப அலையில் இரும்பு விரிந்து பாலம் அடைக்க முடியாமல் போதல், நகர ஊர்வலம் ஆகியவை எந்த நூலிலும் வராது. அரசின் நீர்வழித் தகவல் தளமும், பாலங்களின் நேரடி நிலையைக் காட்டும் நீல அலை என்ற சேவையும் அதைச் சொல்கின்றன.

நெதர்லாந்தில் பாலக்காரரை அழைக்கும் வானொலி அலைவரிசை எண் பாலத்தின் மேலேயே பலகையில் இருக்கும். அதைத் தொலைநோக்கியில் பார்த்துப் படிப்பதைவிடத் திரையில் முன்கூட்டியே அறிந்து வைத்திருப்பது எளிது.

மாஸ்கரை

ஆம், அந்த இரயில் பாலங்களைப் பற்றிக் கேள்விப்பட்டிருக்கிறேன். மடக்கினால் 2.70 என்பதால் பலவற்றின் கீழே போய்விடுவோம் என்று நம்புகிறேன். இன்னொரு கேள்வி: அச்சு நூல் எதையேனும் படகில் வைத்திருப்பது சட்டப்படி கட்டாயமா? துறைமுகக் காவலர் கேட்டால் எதைக் காட்டுவது?

பூர்கோன்வாசி

வரைபடத்தைக் காட்டச் சொல்வதில்லை, விதிநூலைத்தான் கேட்பார்கள். ஐக்கிய நாடுகளின் ஐரோப்பியப் பொருளாதார ஆணையம் வகுத்த செவ்னி எனும் உள்நாட்டு நீர்வழி விதிகளின்படி, சிறு திறந்த படகுகள் நீங்கலாக ஒவ்வொரு கலத்திலும் நடப்பில் உள்ள விதிநூலின் பிரதி ஒன்று இருக்க வேண்டும். எந்த நேரத்திலும் திறந்து படிக்கக்கூடிய மின்னணுப் படியும் ஏற்கப்படுகிறது. நெதர்லாந்தில் அந்நாட்டின் உள்நாட்டு நீர்வழிப் போக்குவரத்து விதிகளைச் சேர்த்து அச்சிடும் வாட்டர்அல்மனாக் முதல் பகுதியைப் பலர் அதற்காகவே வைத்திருக்கிறார்கள். நீங்கள் மின்னணுப் படியை வைப்பதாக இருந்தால் இணையம் தேவைப்படாத கோப்பாகச் சேமியுங்கள். எந்த நேரத்திலும் என்ற சொல்லுக்கு அதுவே நேர்மையான பொருள். அதோடு படகோட்டுவதற்கான உங்கள் பன்னாட்டுத் தகுதிச் சான்றிதழில் செவ்னி தேர்வுக்கான முத்திரை இருக்கிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள்.

நீர்மட்டம்

இணையத்தைப் பற்றி வந்ததால் ஒன்று. 2017 ஜூன் முதல் ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் கைபேசி இணையத்தை வெளிநாட்டிலும் சொந்த நாட்டுக் கட்டணத்திலேயே பயன்படுத்தலாம் என்ற விதி, மின்னணு வழிசெலுத்தலுக்குப் பெரிய வரம். ஆனால் பூர்கோன் கால்வாயின் ஆழமான வெட்டுப் பகுதிகளிலும், மரங்கள் அடர்ந்த பள்ளத்தாக்குகளிலும் சமிக்ஞை கிடைக்கும் என்று எண்ணிவிடக் கூடாது. வரைபடத்தைப் பதிவிறக்கி வைத்துக்கொள்ளும் வசதி செயலியில் இருக்க வேண்டும்.

ரைன்மாலுமி

ஒன்றியத்தை ஒட்டியே இன்னொரு நல்ல செய்தி. 2022இல் தொடங்கிய யூரிஸ் தளம் 13 நாடுகளின் நீர்வழி அறிவிப்புகளையும் நீர்மட்டங்களையும் ஒரே இடத்தில் தருகிறது. அறிவிப்புகள் குறியீடுகளாகப் பதிவாவதால், பிரெஞ்சு அதிகாரி எழுதியதை நாம் வேறு மொழியில் படிக்க முடிகிறது. நெதர்லாந்து, பெல்ஜியம், பிரான்சு மூன்றும் அதில் உள்ளன. சிறு கால்வாய்களுக்கு மட்டும் வி.என்.எஃப். தளத்தையும் தனியே பாருங்கள்.

பூர்கோன்வாசி

நான் அச்சைத் தாங்கிப் பேசுவதாகத் தோன்றினாலும், டேப்லெட் இல்லாமல் வாருங்கள் என்று சொல்லவில்லை. ஆனால் ஒரு வேறுபாட்டை விட்டுக்கொடுக்க மாட்டேன். திரையில் நாம் பெரிதாக்கிப் பார்க்கும்போது சுற்றுப்புறம் மறைகிறது. சிறிதாக்கினால் லாக்குகளும் குறிகளும் மறைகின்றன. பட்டைப் பட்டையாக வரைந்த நூலை மேசையில் விரித்தால், பூர்கோன் கால்வாயில் மோன்பார் முதல் வெனாரே வரை ஒரு நாளின் நீளம், எங்கே லாக்குகள் நெருங்கி ஏறுகின்றன, எங்கே மூச்சு வாங்கலாம் என்பது ஒரே பார்வையில் புரிகிறது. கணவன், மனைவி இருவரும் ஒன்றாகக் குனிந்து பார்த்துப் பேசித் திட்டமிட அதுவே ஏற்றது. கயிறு பிடிப்பவருக்கும் சுக்கான் பிடிப்பவருக்கும் நாளைய நாள் ஒன்றாகத் தெரிந்திருந்தால் லாக்கில் குரல் உயராது.

பென்சிலும் அதில் சேர்த்தி. இங்கே கட்டும் வளையம் உடைந்திருக்கிறது, இந்த லாக்கில் நீர் வேகமாக வரும் என்று ஓரத்தில் எழுதி, அடுத்த ஆண்டு நண்பருக்குக் கொடுத்த நூல்கள் இந்தக் கால்வாயில் கைமாறிக்கொண்டே இருக்கின்றன. செயலிகளிலும் பயனர் குறிப்புகள் உண்டு. ஆனால் அந்தக் குறிப்பை எழுதியவர் எத்தகைய படகில், எந்த நீர்மட்டத்தில் வந்தார் என்பது தெரிவதில்லை.

தாழ்பாலம்

கோடை வெயிலில் திரை மங்கிப்போவதும், கருவி சூடேறித் தானே அணைந்துவிடுவதும் எல்லோரும் அறிந்தவை. நிழல்மறைப்பும் இரண்டாவது கருவியும் தீர்வு. கைபேசியிலும் அதே வரைபடத்தை ஏற்றி வையுங்கள். அதற்கு மேல் இதில் பேச ஒன்றுமில்லை என்று நினைக்கிறேன்.

மாஸ்கரை

மிகவும் பயனுள்ள கருத்துகள். நெதர்லாந்துக்கும் பெல்ஜியத்துக்கும் செயலி, யூரிஸ். பிரான்சில் அவற்றுக்கு மேலாகப் பூர்கோன் கால்வாய்க்கும் சாம்ப்ர்–வாஸ் கால்வாய்க்கும் மட்டும் புதிய பதிப்பு அச்சு வழிகாட்டிகள் என்று முடிவு செய்திருக்கிறேன். ஒரே ஐயம் மீதமிருக்கிறது. பூர்கோன் கால்வாயின் உச்சிப்பகுதியில் உள்ள புயீ-ஆன்-ஓசுவா சுரங்கத்தின் நடுப்பகுதி உயரம் எங்கள் மடக்கிய உயரத்துக்குப் போதும் என்று செயலி சொல்கிறது. நம்பலாமா?

பூர்கோன்வாசி

நடுப்பகுதி உயரத்தை மட்டும் பார்க்காதீர்கள். அந்தச் சுரங்கம் 3,333 மீட்டர் நீளம். கூரை வளைவானது, ஓரத்துக்குப் போகப்போக இறங்கும். உங்கள் படகின் உயர்ந்த புள்ளி நடுவில் ஒரு கம்பியாக இருந்தால் ஒரு கணக்கு. அறையின் கூரை இரு ஓரமும் சதுரமாக நின்றால் வேறு கணக்கு. கூரையின் இரு மூலைகளும் நீர்மட்டத்திலிருந்து எவ்வளவு உயரம், அவற்றுக்கு இடையே எவ்வளவு அகலம் என்று அளந்து எழுதிக்கொள்ளுங்கள். செயலிக்கு ஓர் உயரத்தை மட்டுமே கொடுக்க முடியும். அச்சு வழிகாட்டியில் சுரங்கத்தின் குறுக்குவெட்டுப் படமோ, நடு உயரமும் ஓர உயரமுமோ இருக்கிறதா என்று கடையிலேயே பார்த்துவிட்டு வாங்குங்கள். உள்ளே செயற்கைக்கோள் சமிக்ஞை இல்லை என்பதால் திரையில் உங்கள் படகு நுழைவாயிலிலேயே நின்றுகொண்டிருக்கும். அதைக் கண்டு கலங்க வேண்டாம்.

நீர்மட்டம்

அளக்கும்போது இருவரும் படகில் ஏறி, பயணத்தில் இருப்பது போலவே நின்றுகொள்ளுங்கள். நீர்த்தொட்டியும் எரிபொருள் தொட்டியும் ஏறத்தாழக் காலியாக இருக்கும் நாளில் அளந்தால் படகு எட்டக்கூடிய அதிகபட்ச உயரம் கிடைக்கும். சுரங்கத்துக்கு முந்தைய லாக்கில் அன்றைய உச்சிப்பகுதி நீர்மட்டம் இயல்பாக இருக்கிறதா என்று பணியாளரிடம் கேட்டுவிட்டு உள்ளே செல்லுங்கள்.

மாஸ்கரை

வரும் சனிக்கிழமை இரு மூலைகளையும் அளந்து, அகலத்தோடு இங்கே பதிகிறேன். அதைப் பார்த்துவிட்டு உங்கள் கருத்தைச் சொல்லுங்கள்.